பத்தொன்பது ஜோடித் தேனிலவு

“ஹலோ... ஹலோ... கேக்குதாக்கா? இரு, கத்தாத. ரூமுக்குள்ள சிக்னல் இல்ல, பால்கனிக்கு வந்துட்டிருக்கேன்... ஆங், இப்ப சொல்லு.”

சின்னவள் பால்கனிக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு கையில் கைபேசி, இன்னொரு கையில் பாதி மடித்த துண்டு. உள்ளே கட்டிலின் மேல் அவளுடைய பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. கல்யாணமாகி ஆறு நாள், இந்தத் தீவுக்குத் தேனிலவு வந்து மூன்று நாள். அந்தப் பக்கம் பேசுகிறவள் அக்கா. மாப்பிள்ளையைத் தேடிப்பிடித்து, பேசி முடித்து, கல்யாணத்தையும் முன்னால் நின்று நடத்தி வைத்தவள் அவள்தான்.

“நல்லா இருக்கேன்... சாப்பிட்டேன்... ம்... ம்... கடலா? இருக்கே. எங்கயும் போயிடல, போட்ட இடத்துலயேதான் கிடக்கு... நீலமாத்தான் இருக்கு... ஆமா, ஆமா, போட்டோவுல பாத்த மாதிரியேதான். என்ன, போட்டோவுல விசில் சத்தம் கேக்காது.”

“விசில்க்கா... குயில் இல்ல. விசில். பந்து விளையாடறப்ப ஊதுவாங்கல்ல, அது. காலையில ஆறு மணிக்கு எழுந்திரிக்க ஒண்ணு, பஸ் ஏற ஒண்ணு, இறங்க ஒண்ணு, போதும் ரசிச்சது கிளம்புங்கன்னு ஒண்ணு... நீ கல்யாணமான புதுசுல எங்கயோ மலைக்குப் போனீங்களே, அங்கல்லாம் விசில் ஊதலையா? அய்யோ பாவம். அப்புறம் எப்படித்தான் அன்யோன்யமா இருந்தீங்களோ, நீயும் மாமாவும்.”

“அவரா? வெளிய போயிருக்காரு... தனியா ஏன் போறாரு? முப்பத்தாறு பேரோட போயிருக்காரு.”

சின்னவள் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இணைப்பு இருந்தது.

“இருக்கியா?... ம். நான் ஒண்ணும் உளறல, முதல்லேர்ந்தே சொல்றேன், கேளு. ஏர்போர்ட்டுல இறங்கினோமா, ஒருத்தர் அட்டையைப் பிடிச்சிட்டு நின்னாரு. நம்ம பேருதான் எழுதியிருக்கும்னு நானும் ஆசையாக் கழுத்தை நீட்டிப் பாக்கறேன். கம்மோடு படம் போட்டிருக்குக்கா... கம்மோடுதான். அதுக்கு ரெண்டு பக்கமும் இறக்கை வேற. பறக்குற கம்மோடு. அதுக்குப் பின்னாடி பதினெட்டு ஜோடி, எல்லாரும் மஞ்சள் டீ-ஷர்ட்டு. எங்களுக்கும் ரெண்டு எடுத்து வச்சிருந்தாங்க. எனக்குக் குடுத்தது மாமா சைஸ்.”

அவளுடைய கணவன் குழாயும் வாஷ்பேசினும் கழிப்பறைச் சாமானும் விற்கும் கடைக்காரன். அந்தச் சாமான்களைச் செய்யும் கம்பெனி, அந்த வருடம் அதிகமாக விற்றுக் கொடுத்த கடைக்காரர்களை மனைவியோடு இந்தத் தீவுக்குக் கூட்டிவந்திருந்தது. பரிசுப் பயணம். அதைத்தான் அவன், “நம்ம தேனிலவுக்கு எல்லா ஏற்பாடும் பண்ணிட்டேன்” என்று ஒரே வாக்கியத்தில் முடித்து, மேற்கொண்டு விளக்கம் எதுவும் தராமல் அவளை விமானத்தில் ஏற்றியிருந்தான்.

“மூணு நாளா ஏன் சொல்லலையா? நீ கல்யாண வேலை பாத்துக் களைச்சுக் கிடப்ப, உன் தூக்கத்தை ஏன் கெடுக்கணும்னுதான்... சிரிக்காதக்கா. நீ சிரிக்கற மாதிரியும் இல்லியே, இருமுற மாதிரில்ல இருக்கு.”

“சுத்திப் பாத்தோமே, பாக்காம என்ன? முதல் நாள் கலங்கரை விளக்கம். எரநூத்தி நாப்பது படி. எங்க கூட வந்தவங்களுக்கெல்லாம் சராசரி வயசு அம்பத்தஞ்சு. பாதிப் படியில ஒரு அம்மா உக்காந்துட்டாங்க. நான் வாயை வச்சுட்டு சும்மா இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கற வேலைன்னு சொல்லித் தொலைச்சேன். அவ்வளவுதான். என் தேனிலவுல இதுவரைக்கும் பதினோரு முட்டி பாத்தாச்சு. பஸ்ஸுல வந்து வந்து காட்டிட்டுப் போறாங்க. கண்ணால பாத்தே எலும்பு தேஞ்சிருக்கா சொல்லணுமாம்... ஆமா, சொன்னேன். படி ஏறாதீங்கன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?”

“இரு, சாயங்காலம் சூரியன் மறையறதைக் காட்டறோம்னாங்க. கடற்கரையில கொண்டு போய் நிறுத்தி, சூரியனுக்கு முதுகைக் காட்டி நிக்கச் சொன்னாங்க. கையில இருவது அடி பேனர். ஒரு மூலையை நான் பிடிச்சிருக்கேன். ‘சிரிங்க, இன்னும் கொஞ்சம் சிரிங்க, புதுப் பொண்ணு பல்லு தெரியலையே’ன்னு அந்த மேனேஜர் கத்தறாரு. எல்லாம் சிரிச்சு முடிச்சுத் திரும்பிப் பாத்தா, சூரியன் டியூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டாரு.”

கம்பெனி மேனேஜர்தான் விசில்காரர். கழுத்தில் கயிறு கட்டி அதைத் தொங்கவிட்டுக்கொண்டு, தூக்கத்தில்கூடக் கழற்றாத மனிதர். அருவிக்குப் பதினைந்து நிமிஷம், கோட்டைக்கு இருபது நிமிஷம், கடைத்தெருவுக்கு நாற்பது நிமிஷம் என்று தாளில் அச்சடித்து ஒவ்வொரு ஜோடியின் கையிலும் கொடுத்திருந்தார். அந்தத் தாளைக் கசக்கி எறிய ஆசைப்பட்டு, எங்கே எறிந்தாலும் யாராவது எடுத்துவந்து கொடுத்துவிட்டுப் போவதால் கடைசியில் அவள் அதன் மேல்தான் டீக்கோப்பையை வைக்கிறாள்.

“அருவிக்கும் போனோம். அங்க உன் மாப்பிள்ளை பண்ணின கூத்தைக் கேளு. பதினஞ்சு நிமிஷம் முடிஞ்சு விசில் ஊதப் போற நேரத்துல ஒத்தைச் செருப்பைத் தண்ணியில விட்டுட்டாரு. முப்பத்தெட்டு பேரு இறங்கிச் செருப்பு தேடறாங்க. அரை மணி நேரம். எனக்கென்ன, நான் பாட்டுக்கு அருவிக்கு அடியில நின்னேன்... நல்லாத்தான் இருந்துச்சு. அது ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு. அப்புறம் மனுஷன் நாள் பூரா ஒத்தைக் காலு செருப்போட தாங்கித் தாங்கி நடக்கறாரு. இந்த வயசுல ஒரு செருப்பைப் பத்திரமா வச்சுக்கத் தெரியல.”

“ஷாப்பிங்கா? ஓ, பிரமாதம். ஊரு பூரா கடை இருக்கு, ஒரே ஒரு கடை வாசல்ல பஸ்ஸை நிறுத்தினாங்க. டிரைவருக்கும் கடைக்காரருக்கும் ஏழு ஜென்மத்து உறவு போல. உள்ள எல்லாம் சிப்பி. சிப்பி ஆமை, சிப்பி விளக்கு, சிப்பியில செஞ்ச கடிகாரம். கடைக்காரர்கள் சங்கத் தலைவரோட வீட்டம்மா என் கையைப் பிடிச்சிட்டாங்க. ‘நீ சின்னப் பொண்ணு, உனக்குப் பேரம் பேசத் தெரியாது, நான் பேசறதைப் பாத்துக் கத்துக்கோ’ன்னாங்க. அவங்களுக்கு அந்த ஊரு பாஷை தெரியாது, கடைக்காரிக்கு இவங்க பாஷை தெரியாது. ரெண்டு பேரும் விரலைக் காட்டி, முறைச்சு, கோவிச்சுட்டு வெளிய போய், திரும்பி வந்து... கடைசியில பன்னெண்டு சிப்பி ஆமை வாங்கினாங்க. ஒண்ணு போதும்னு நினைச்சுப் போனவங்க.”

“நானா? ஒண்ணும் வாங்கல. அவரு எனக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்தாரு. கூடையான்னு கேட்டேன். தொப்பின்னாரு... சிரிச்சியா? நான் சிரிக்கல. அதுக்கு முன்னாடி கால் மணி நேரம் ஆளையே காணோம். எங்கன்னு பாத்தா, கடையோட பாத்ரூமுக்குள்ள போய்க் குழாயைத் திருகிப் பாத்துட்டு வர்றாரு. முகம் இப்படித் தொங்கிப் போச்சு. என்னன்னு கேட்டா, போட்டிக் கம்பெனிக் குழாயாம். என் முகம் தொங்கறதுக்குக் கூட அவ்வளவு வருத்தப்படல.”

கீழே நீச்சல் குளத்துப் பக்கம் பணியாளர் ஒருவர் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் இருந்த பால்கனிகளில் எல்லாம் மஞ்சள் டீ-ஷர்ட்டுகள் காய்ந்தன. காற்றில் அவை மொத்தமாக ஒரே பக்கம் திரும்பி, யாரோ விசில் ஊதியதுபோல மறுபடியும் மறுபக்கம் திரும்பின.

“சாப்பாடு ஏன் குறையுது? மீனு, இறாலு, அன்னாசிப் பழம், எல்லாம் மலை மாதிரி குவிச்சு வச்சிருந்தாங்க. நேத்து மத்தியானம் கடலுக்குப் பக்கத்துல மேசை போட்டு, மேல பந்தல் போட்டு, அவ்வளவு அழகு. அப்பாடா, இன்னைக்காவது உக்காந்து நிம்மதியாச் சாப்பிடலாம்னு இறாலை உரிக்கறேன். பெரிய திரையை இறக்கிட்டாங்கக்கா. புது ஃப்ளஷ் டேங்க்கு அறிமுகமாம். ஒரு பட்டனை அழுத்தினா மூணு லிட்டரு, இன்னொண்ணை அழுத்தினா ஆறு லிட்டரு. எது எதுக்கு எந்தப் பட்டன்னு படம் போட்டு விளக்கறாரு. கலர் படம். நான் இறாலைக் கீழ வச்சிட்டேன். எனக்குப் பக்கத்துல இருந்தவங்க ரெண்டாவது தட்டு வாங்கிட்டு வந்து சாப்பிடறாங்க. தொழில் பக்தி.”

“இல்ல, அவரு சாப்பிடல. என் முகத்தையே பாத்துட்டிருந்தாரு. அப்புறம் எங்கயோ போய் ஒரு தட்டுல வெறும் பழம் மட்டும் எடுத்துட்டு வந்து, திரை தெரியாத பக்கமா என் நாற்காலியைத் திருப்பிப் போட்டாரு. அதுக்கு நான் என்ன, மாலை போடணுமா?... ம்... ம்... நல்லவருதான். யாரு இல்லைன்னது? நல்லவரு, தங்கமானவரு, சிகரெட் கிடையாது, சத்தமாப் பேச மாட்டாரு. நீ சொன்ன லிஸ்டு எனக்கு மனப்பாடம். அந்த லிஸ்டுல ஒண்ணு விட்டுப் போச்சு.”

அவள் துண்டைப் பால்கனிக் கம்பியில் போட்டாள். குரலில் இதுவரை இருந்த விளையாட்டு அதோடு அவிழ்ந்து விழுந்தது.

“பொய் சொல்லுவாரு.”

“விசிலுக்காக இல்லக்கா. பேனருக்காகவும் இல்ல. இன்னைக்குச் சாயங்காலம் மேடையில புதுமணத் தம்பதின்னு எங்களை ஏத்திக் கேக்கு வெட்டச் சொல்லப் போறாங்க. அது என்ன வடிவத்துல இருக்கும்னு நீயே யோசிச்சுக்கோ... இதயம் இல்ல. அதுக்காகக்கூட இல்ல. என்கிட்ட வந்து, ‘இந்த மாதிரி கம்பெனி டூர் ஒண்ணு கிடைச்சிருக்கு, பதினெட்டு ஜோடி கூட வருவாங்க, வர்றியா’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சிரிச்சுட்டே வந்திருப்பேன். முட்டியெல்லாம் நானே வரிசையில நிக்க வச்சுப் பாத்திருப்பேன். சொல்லாமக் கூட்டிட்டு வந்தாரு பாரு. ஏர்போர்ட்டுல அந்த அட்டையைப் பாத்துட்டு நான் அவரைத் திரும்பிப் பாத்தேன். அவரு தரையைப் பாத்தாரு. முதல் பொய்யே இவ்வளவு சுலபமா வந்தா, அடுத்தது என்னக்கா?”

“அக்கரைக்கு நாலரை மணிக்கு ஒரு படகு இருக்கு. விசாரிச்சுட்டேன். தலைவலின்னு சொல்லி அவரைக் கண்ணாடிப் படகுல மீன் பாக்க அனுப்பிட்டேன். பெட்டி கட்டிட்டிருக்கேன். நேரா உன் வீட்டுக்குத்தான் வர்றேன்... கத்தாத... விளையாடல... இல்லக்கா, முடிவு பண்ணியாச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்கன்னு நான் ஏன்... கேளு, நான் சொல்றதை... அழுதா எனக்குப் புரியல. நிறுத்திட்டுச் சொல்லு.”

“என்ன?”

“என்ன சொன்ன? திரும்பச் சொல்லு.”

கடல் பக்கமிருந்து காற்று ஓங்கி வீச, அவள் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் அக்கா அழுகையும் பேச்சுமாக நிறுத்தாமல் கொட்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் ஒவ்வொன்றாக, எக்ஸ்ரே அறையில் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று விசாரிக்கும் குரலில் கேட்டாள்.

“எப்ப வந்தாரு?... கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி. உன் வீட்டுக்கு... ம். கம்பெனி லெட்டரைக் கையில எடுத்துட்டு வந்தாரு... ம். என்கிட்ட சொல்லிடறேன்னாரு... நீ வேணாம்னுட்ட... இரு, இரு. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னியே, அதைச் சொல்லு... டிக்கெட்டை வேற கடைக்காரருக்கு விட்டுக் குடுத்துட்டு, நாங்க ரெண்டு பேரு மட்டும் பக்கத்துல எங்கயாவது போறோம்னாரா? அவரே சொன்னாரா?... அதுக்கும் நீதான் வேணாம்னியா?”

“கடலைப் பாத்தா எல்லாத்தையும் மறந்துடுவான்னு சொன்னியா. பாத்தேன்க்கா. மறக்கல.”

“பொண்ணு பாக்க வந்தப்ப பேனாவைச் சொடுக்கிட்டே இருந்தாருன்னு ஒருத்தரை வேணாம்னேன். ஆமா. அவங்க அம்மாவைப் பேசவே விடலைன்னு இன்னொருத்தரை வேணாம்னேன். ஆமா. அதுக்கு? இவரையும் வேணாம்னுடுவேன்னு பயந்துட்டியா? முப்பத்தி மூணு வயசுக்கா எனக்கு. பழத்துக்குள்ள மாத்திரையை ஒளிச்சு வச்சு ஊட்டற குழந்தையா நானு?... நல்லதுக்குத்தான். எல்லாம் என் நல்லதுக்குத்தான். என் நல்லதை என்கிட்ட ஒரு தடவையாவது கேட்டியா?”

“மாமாவுக்குத் தெரியுமா?... அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது.”

அவள் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று நாள்களாக நடந்ததெல்லாம் இடம் மாறி உட்கார்ந்தது. வந்த அன்று சாயங்காலமே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவனை நிற்கவைத்துக் கேட்ட கேள்விகள். நீ ஏமாற்றுக்காரன் என்றிருந்தாள். ஒருமையில்தான். கடைக்குச் சரக்கு பிடிக்கிற மாதிரி என்னைப் பிடித்துவந்திருக்கிறாய் என்றிருந்தாள். அவன் வாஷ்பேசின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டான். இது வேறு யாருக்குத் தெரியும் என்று அவள் கேட்டபோது மட்டும் நிமிர்ந்து, யாருக்கும் தெரியாது, என் தப்புதான் என்றான். இவளுக்குப் பயந்துகொண்டு சுருக்கமாகப் பேசுகிறான் என்றுதான் அப்போது நினைத்தாள்.

“இல்லக்கா. உன் பேரை எடுக்கல... ஒரு தடவைகூட இல்ல... நான் என்னென்ன திட்டினேன்னு உனக்குத் தெரியாது. அவ்வளவையும் கேட்டுட்டு நின்னாரு. உன்னைக் கை காட்டியிருந்தா ரெண்டு நிமிஷத்துல தப்பிச்சிருப்பாரு... ம், எனக்கும் உனக்கும் சண்டை வரக்கூடாதுன்னு நினைச்சிருப்பாரா? அதை நீ இப்ப கண்டுபிடிக்கறியா?”

அறைக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சின்னவள் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். கணவன் உள்ளே வந்தான். தலைமுடியெல்லாம் உப்புக் காற்றில் விறைத்து நின்றது. கண்ணாடிப் படகு திரும்புவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எப்படியோ பாதியில் இறங்கி வந்திருக்கிறான். கையில் தலைவலி மாத்திரை அட்டை.

கட்டிலின் மேல் இருந்த பெட்டியைப் பார்த்தான். பிறகு மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியில் கிடந்த அவளுடைய சட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தான். கடையில் பெட்டிச் சாமானை அடுக்கிப் பழகிய கை. மூலைக்கு மூலை சரியாக வந்தது. பெட்டியை மூடி, ஜிப்பை இழுத்து, தூக்கிக் கதவோரம் கொண்டுபோய் வைத்தான். அவளுடைய செருப்பைத் தேடி எடுத்துப் பக்கத்தில் சேர்த்து வைத்தான். அதற்குப் பிறகுதான் பால்கனிப் பக்கம் திரும்பினான். அவள் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் தன் கைக்கடிகாரத்தைக் காட்டி, அக்கரைக்குப் போகும் படகுக்கு நேரமாகிவிட்டதா என்று சைகையில் கேட்டான்.

சின்னவள் கம்பியில் கிடந்த துண்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இருக்கேன்க்கா... ஒண்ணுமில்ல, காத்து... ஆமா, வந்துட்டாரு. இங்கதான் நிக்கறாரு... இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. நீ வைக்காத. லைன்லயே இரு.”

அவள் எழுந்து கண்ணாடிக் கதவை முழுதாகத் திறந்தாள். கைபேசியை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள், மறுமுனைக்குக் கேட்கும்படி.

“ஏங்க... ஒண்ணு கேக்கறேன். கடைசித் தடவை. இந்த டூரு விஷயம் கல்யாணத்துக்கு முன்னாடி வேற யாருக்காவது தெரியுமா?... முணுமுணுக்காதீங்க, சத்தமாச் சொல்லுங்க... யாருக்கும் தெரியாதா. எங்க வீட்டுல?... எங்க அக்காவுக்கு?... அவங்களுக்கும் தெரியாது. சத்தியமா?... நீங்க மட்டும்தான்.”

அவன் அவள் கண்ணைப் பார்த்தே சொன்னான். முகம் சிவந்துவிட்டது. பொய் சொல்வதில் அவன் ஒன்றும் கெட்டிக்காரன் இல்லை.

சின்னவள் கைபேசியை மறுபடி காதில் வைத்தாள்.

“கேட்டுச்சாக்கா?”

“...அழு. கொஞ்ச நேரம் அழு. நான் ஒண்ணும் சொல்லல... இல்ல, மன்னிச்சாச்சுன்னெல்லாம் இப்ப சொல்ல முடியாது. அவர்கிட்ட நான் பேசிக்கறேன். அது எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல. உனக்கு ஃபோன் பண்ணி ரிப்போர்ட் குடுக்க மாட்டேன்... ஆமா, குடுக்க மாட்டேன். பால் குடிச்சதுலேர்ந்து பல் விளக்கினது வரைக்கும் உன்கிட்ட சொல்லிச் சொல்லி வளந்துட்டேன், அதான் இவ்வளவும்... படகா? போகட்டும்... தெரியாது. இருந்தாலும் இருப்பேன், நாளைக்கே கிளம்பினாலும் கிளம்புவேன். முடிவு பண்ணிட்டு நாங்களே... ம், நாங்கன்னுதான் சொன்னேன். நாங்களே கூப்பிடறோம். அதுவரைக்கும் நீ கூப்பிடாத... ம்... சாப்பிடறேன்... தலையையும் துவட்டிக்கறேன்... அக்கா, போதும். வைக்கறேன்.”

வைத்தாள். கைபேசி உடனே கையில் மறுபடியும் துடித்தது. அக்காதான். அவள் அதை அணைத்து, நாற்காலியின் மேல் கவிழ்த்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். அவன் இன்னமும் பெட்டியின் பிடியைப் பிடித்தபடி கதவோரம் நின்றுகொண்டிருந்தான்.

“அதை விடுங்க முதல்ல,” என்றாள். “உக்காருங்க. எங்க அக்கா உங்களுக்கு என்னென்ன சொல்லிக் குடுத்தா, ஒண்ணு விடாமச் சொல்லுங்க.”